அறுபத்திரண்டாம் பக்கம்

நான்காம் வகுப்பு 'இ' பிரிவில் முப்பத்தெட்டு முகங்கள். அச்சகத்து மாடியில், கம்ப்யூட்டர் திரையில், ஒவ்வொன்றையும் அவன் ஒரே அளவுக் கட்டத்துக்குள் உட்கார வைத்துக்கொண்டிருந்தான். உச்சந்தலைக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் இடம், கழுத்துக்குக் கீழே முதல் பொத்தான் தெரிய வேண்டும், கண்கள் எல்லாம் ஒரே கோட்டில். சிரித்த பிள்ளையும் சரி, அழுத பிள்ளையும் சரி, அதே கட்டம்தான். போட்டோ எடுத்த அன்று வராத மூன்று பேரின் பெயர் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வரும். 'படத்தில் இல்லாதவர்கள்.' ஆண்டு மலரில் ஒரு பிள்ளைகூட விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் பெற்றோர் பள்ளியைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார்கள். பள்ளி அச்சகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கீழே மெஷின் ஓடத் தொடங்கியது. மேசை அதிர்ந்தது. திரையில் முப்பத்தெட்டு பேரும் லேசாக நடுங்கினார்கள்.

மலர்ப் பொறுப்பு டீச்சர் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். கையில் கோப்பு, தோளில் திருத்தாத நோட்டுகள் நிரம்பிய பை.

"தம்பி, ஒரு சின்ன மாத்தம்."

"நீங்க சின்ன மாத்தம்னாலே பெரிய வேலைன்னு அர்த்தம் டீச்சர். போன வருஷமும் சின்ன மாத்தம்னுதான் வந்தீங்க. தாளாளர் தலையையே மாத்த வேண்டியதாப் போச்சு."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாளாளரின் வழுக்கைக்கு முடி வைத்தது அவன்தான். நான்கு மணி நேர வேலை. மலர் வெளியான அன்று தாளாளரே அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனாராம்.

"இது தலை இல்லப்பா. பக்கம். அறுபத்திரண்டாம் பக்கம் வேணாமாம்."

அவன் கை மவுஸின் மேல் நின்றது.

"எடுக்க முடியாதே டீச்சர். பதினாறு பக்கம் சேர்ந்தாதான் ஒரு ஃபாரம். ஒரே தாள்ல அடிச்சு மடிக்கறது. நடுவுல ஒண்ணை உருவினா பின்னாடி இருக்கறதெல்லாம் குலைஞ்சு போயிடும்."

"உருவ வேணாம். அதுல இருக்கறதை எடுத்துட்டு வேற போட்டுக்கலாம். என்ன போடணும்னு நாளைக்கு எழுதி அனுப்பறேன்."

அறுபத்திரண்டாம் பக்கத்தின் தலைப்பு 'நம் பள்ளியின் துணைக் கரங்கள்'. வாட்ச்மேன், வேன் ஓட்டுநர்கள், ஆயாக்கள், தோட்டக்காரர் என்று பதினோரு பேர். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், வேலை, எத்தனை வருட சேவை. மூன்றாவது வரிசையில் முதல் படம் அவன் மாமியாருடையது.

டீச்சருக்கு அது தெரியாது. முதலாளிக்கும் தெரியாது.

"ஏன் டீச்சர், என்னாச்சு?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு ஆயாவுக்கு அடிபட்டுடுச்சு. அது ஏதோ வழக்கு கிழக்குன்னு போகுதாம். அதை மட்டும் எடுத்தா பல்லு விழுந்த வாய் மாதிரி தெரியும்னு மொத்தமா எடுக்கச் சொல்லிட்டாங்க."

"பேராவது அடியில போடலாமா? படத்தில் இல்லாதவர்கள்னு?"

"ஐயோ, வேணவே வேணாம். அப்புறம் பழைய புரூஃபையும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, பிரின்சிபால் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது."

அவன் அத்தை என்று கூப்பிடும் அந்த மாமியாருக்கு அடிபட்டுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஆண்டு விழா மேடைக்கு இரும்புச் சட்டம் இறக்கினார்கள். ஆள் குறைகிறது என்று ஆயாக்களைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, பொத்தான் போட்டுவிட்டு, கழிப்பறைக்குக் கூட்டிப்போவதுதான் அவர்கள் வேலை. சட்டம் தூக்குவது யாருடைய வேலையும் இல்லை. சட்டம் சரிந்தபோது அத்தையின் வலது கை அடியில் இருந்தது. பொது மருத்துவமனையில் நான்கு விரல்களை எடுத்தார்கள். பெருவிரல் மட்டும் மிஞ்சியது. பள்ளி வேனில் கொண்டுபோய் விட்டவர்கள், பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லி அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அட்டை திரும்பி வரவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது. அந்தப் பெயரில் எங்கள் பள்ளியில் எவரும் எக்காலத்திலும் பணிபுரியவில்லை.

சம்பளம் கையில்தான் கொடுப்பார்கள். வங்கியில் ஏறியதில்லை. "அங்க வேலை பார்த்தீங்கன்னு காட்ட ஏதாவது ஒரு காகிதம் கொண்டாங்கம்மா. ஒண்ணு போதும்" என்று தொழிலாளர் அலுவலகத்தில் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள். அன்று ராத்திரி அவனும் அத்தையும் தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள். அறுபத்திரண்டாம் பக்கம் அவன் நினைவுக்கே வரவில்லை. ஆயிரத்து நூறு முகங்களில் அதுவும் ஒன்று. கட்டத்தில் உட்கார வைத்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தான்.

இரும்பு அலமாரியைத் திறந்து பள்ளியின் உறையை எடுத்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் பள்ளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரூஃப் அதில் இருக்கும். பின்னால் தகராறு வந்தால் அச்சகத்துக்கு அதுதான் கவசம். அறுபத்திரண்டை உருவினான்.

பிரின்சிபால் அம்மாள் சிவப்புப் பேனா எடுத்தால் காற்புள்ளியைக்கூட விடமாட்டாள். மூன்றாவது வரிசை முதல் படத்துக்குக் கீழே 'பத்து ஆண்டுகள்' என்று இருந்ததை அடித்து, ஓரத்தில் தன் கையாலேயே 'பதினோரு' என்று எழுதியிருந்தாள். அடியில் 'அச்சிடலாம்', கையெழுத்து, தேதி, பள்ளி முத்திரை. விபத்துக்கு ஆறு நாள் முன்னால்.



"கிடைச்சுதா தம்பி? எனக்கு அடுத்த பீரியட் இருக்கு."

"டீச்சருக்குக் குடுத்து அனுப்புப்பா" என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"இதோ டீச்சர், தேடறேன்."

ஸ்கேனரில் வைத்தான். அறுநூறு புள்ளித் துல்லியம். முழுப் பக்கம் ஒன்று, சிவப்பு எழுத்து மட்டும் ஒன்று, முத்திரை மட்டும் ஒன்று. பேனா அழுத்தியதில் தாள் பள்ளமான இடம்கூட நிழலாக விழுந்தது. கோப்பைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான். காணவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அது தேவை என்றே அவனுக்குத் தோன்றவில்லை. ஏழு வருடமாகத் திரையில்தான் வாழ்கிறான். அவன் தொழிலில் கோப்புதான் எல்லாம். அதிலிருந்து எத்தனை தாள் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது.

தாளை டீச்சரிடம் கொடுத்தான். அவள் அதை இரண்டாக மடித்து, திருத்தாத நோட்டுகளுக்கு நடுவே செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வீட்டில் அத்தை முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஈரத் துணியை இடுக்கி, இடது கையால் முறுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாதி வாளியிலும் பாதி காலிலும் விழுந்தது. அவன் வாங்கிப் பிழிந்து போட்டான்.

"உங்களுக்கு எதுக்கு மாப்ள இந்த வேலையெல்லாம்."

அவன் மனைவி இறந்து இரண்டு வருடம். அவள் பிறந்த வீட்டில்தான் அவன் இன்னும் இருக்கிறான். போங்கள் என்று அத்தை சொல்லவில்லை. போகிறேன் என்று அவனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் இறந்தவளைப் பற்றிப் பேசுவதில்லை. மின்விசிறி சத்தம் போடுவதைப் பற்றிப் பேசுவார்கள்.

போனை நீட்டினான். அத்தை தூரமாகப் பிடித்து, பிறகு கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாள்.

"படம் நல்லாத்தான் விழுந்திருக்கு. கண்ணு மட்டும் யாரையோ முறைக்குது."

"போட்டோ எடுத்தவனைத்தான் அத்தை முறைச்சிருக்கீங்க."

"பின்னே? தாடையைத் தூக்குங்கம்மா, இறக்குங்கம்மான்னு உசுரை வாங்கினான். கிரேன் ஓட்டறவன் மாதிரி." சிவப்பு எழுத்தை விரலால் பெரிதாக்கத் தெரியாமல் கண்ணைச் சுருக்கினாள். "என் வருஷத்தைத் திருத்தியிருக்காங்க பாருங்க. அந்தம்மா கண்ணுல தப்பு தப்பவே தப்பாது. ஒரு வருஷம்கூட விட்டுப்போகல."

"ஆமா அத்தை."

"இது போதுமா?"

"போதும். கையெழுத்து, சீல், தேதி எல்லாமே இருக்கு."

அன்றைக்குத்தான் அத்தை மாத்திரை போடாமல் தூங்கினாள்.

தொழிலாளர் அலுவலகத்தில் பெஞ்சின் ஒரு கால் குட்டை. உட்காரும்போதெல்லாம் அது டக்கென்று இடித்தது. பள்ளியிலிருந்து மேலாளர் வந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அத்தை பழக்க தோஷத்தில் எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி, அவன் அச்செடுத்துக் கொண்டுவந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சற்று மலர்ந்தது.

"இது உங்க பிரின்சிபால் கையெழுத்துதானே சார்?"

மேலாளர் தாளை வாங்கினார். அவசரமே படவில்லை. அவனைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"டிசைனர்."

"எங்க மலர் அடிக்கற அச்சகத்துலயா?"

"ஆமா."

"இந்தம்மா உங்களுக்கு?"

"மாமியார்."

மேலாளர் தாளை மேசையில் வைத்து அதிகாரியின் பக்கம் விரலால் தள்ளினார். "சார், போன வருஷம் எங்க தாளாளர் தலைக்கு முடி வெச்சுக் குடுத்தது இவர்தான். அவர் வீட்டம்மாவே ஏமாந்துட்டாங்க. ஒரு முத்திரையும் ரெண்டு எழுத்தும் வைக்கறது இவருக்கு எம்மாத்திரம்?"

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் தாளை மறுபடி தூக்கிப் பார்த்தபோது முகத்தில் வெளிச்சம் போயிருந்தது.

"அசல் இருக்காப்பா?"

"அசல் அவங்ககிட்டதான் இருக்கு சார். அவங்களே ஆள் அனுப்பி வாங்கிட்டுப் போனாங்க."

"எந்த அசல்?" என்றார் மேலாளர்.

"யோவ்!"

அவன் எழுந்த வேகத்தில் பெஞ்ச் சாய்ந்து அத்தை தடுமாறினாள். கட்டுப் போட்ட கையை ஊன்றப் போய், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"உட்காருப்பா" என்றார் அதிகாரி. "சத்தம் போட்டா எதுவும் நடக்காது. கூட வேலை பார்த்தவங்க ரெண்டு பேரை வந்து எழுதிக் குடுக்கச் சொல்லு. பதினஞ்சு நாள் தரேன். இல்லேன்னா இந்த வழக்கை என்னால மூடத்தான் முடியும்."

மேலாளர் போகும்போது அத்தையைப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்கங்கம்மா" என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னது மாதிரிதான் இருந்தது.

மறுநாள் அச்சகத்தில் பைண்டிங் பகுதிக்குப் போனான். அங்கே ஒருவரை எல்லோரும் பசையண்ணன் என்பார்கள். முப்பது வருடப் பசை நகக்கண்ணில் மஞ்சளாக ஏறியிருந்தது. அவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"ஸ்கேன் எடுத்துட்டு அசலைக் குடுத்துட்டியா?" பசையண்ணன் தூரிகையை டப்பாவில் எறிந்தார். "அடப்பாவி. காலேஜ் வேற படிச்சிருக்கே. அந்த நகலை வெச்சு நாக்குக்கூட வழிக்க முடியாதுடா. எங்க தொழில்ல ஒரு தாள் போச்சுன்னா போச்சு. எனக்குத் தெரியும். உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பட்டன் இருக்கு."

"தெரியாமப் பண்ணிட்டேன்ணே."

"என்கிட்ட சொல்லு அதை. முதலாளி கூப்பிடறாரு, போ. காலையிலேருந்து போன்மேல போன்."

முதலாளி கண்ணாடித் தடுப்புக்குள் நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொல்லவில்லை.

"என் அச்சகத்துக் காகிதத்தை எடுத்துட்டுப்போய் எனக்கு எதிராவே காட்டியிருக்கே."

"உங்களுக்கு எதிரா இல்ல முதலாளி. அந்தப் புரூஃபைக் கவர்லேருந்து பிரிச்சு முதல்ல பாத்ததே நீங்கதான். அந்தம்மா எப்படித் திருத்தியிருக்காங்க பாருன்னு என்கிட்ட காட்டினீங்க. ஒரு தடவை வந்து அதைச் சொல்லுங்க. அது போதும்."

"பாத்தேன். இப்பவும் உன்கிட்ட பாத்தேன்னுதான் சொல்றேன். வெளிய கேட்டா பாக்கல."

"அவங்களுக்கு நாலு விரல் போயிருக்கு."

"என் அச்சகம் போனா எட்டுக் குடும்பம் போகும். அதுல நீயும் ஒருத்தன். இல்ல, இருந்தே." முதலாளி மேசையிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். "மலரை முடிச்சுக் குடுத்துட்டு வேற இடம் பாத்துக்க. பாதியில விட்டுட்டுப் போனா வேற எங்கயும் சேர விடமாட்டேன்."

"மனசாட்சின்னு ஒண்ணு…"

"நீ தாளாளருக்கு முடி வெச்சப்ப அது எங்கடா போயிருந்துச்சு?"

 அந்தக் கேள்வி அவனை எரித்தது. மேசைக்கு வந்தான். நான்காம் ஃபாரத்தைத் திறந்தான். பதினோரு முகங்களையும் தேர்ந்தெடுத்து ஒரே பொத்தானில் அழித்தான். பள்ளியிலிருந்து வந்த குறிப்பில் இருந்தபடி புதுப் பக்கத்தைச் செய்தான். பத்து நிமிட வேலை. பிரின்சிபாலிடமிருந்து அந்தப் பக்கம் ஒரு திருத்தமும் இல்லாமல் திரும்பி வந்தது.

பதினைந்தில் பதினாலு நாள் ஓடிவிட்டது. ஆயாக்களின் வீடுகளுக்கு இருவருமாக நடந்தார்கள். ஒருத்தி ஊரில் இல்லை. ஒருத்தி வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னாள். மிச்சம் இருந்தது பள்ளி வாசல். விடும் நேரத்துக்குப் போய் நின்றார்கள். அன்றுதான் மலர் கொடுக்கும் நாள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

அத்தையோடு ஒரே அறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் பக்கவாட்டுக் கதவால் வெளியே வந்தாள். அத்தையைக் கண்டதும் அழுதாள்.

"என் ரெண்டு புள்ளையும் இங்கதான் படிக்குதுக்கா. சும்மா படிக்க வைக்கறாங்க. நான் வாயைத் திறந்தா ரெண்டும் தெருவுலக்கா."

"தெரியும்டி. நீ போ."

"என்னைத் தப்பா…"

"போடி. பஸ்ஸு போயிடும்."

அத்தை அவளை விட்டுவிட்டு வாட்ச்மேனிடம் போனாள். அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"என்கிட்ட எதுவும் கேட்காதே. உன்னால பதினோரு பேர் படமும் போச்சு. இந்த வருஷம் புத்தகத்துல வரப்போறேன்னு மருமக வீட்டு ஆளுங்க வரைக்கும் சொல்லி வெச்சிருந்தேன். சட்டைகூட இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு நின்னேன். இப்ப எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க."

"படத்தை எடுக்கச் சொன்னது இவங்களாய்யா?" அவன் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினான். "உங்க பேரை அழிச்சவன் உள்ள ஏசியில உட்கார்ந்திருக்கான். அவன்கிட்ட போய்க் கேளேன். விரல் போனவங்ககிட்ட வந்து முறுக்கறே!"

"கத்தாதப்பா. மேல கேமரா இருக்கு."

"இருக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்!"

"மாப்ள." அத்தை அவன் முழங்கையைத் தொட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "விடுங்க. அவரு பாவம்."

மணி அடித்தது. பிள்ளைகள் மலரை மார்போடு அணைத்தபடி வெளியே கொட்டினார்கள். பளபளப்பு அட்டை, புது மை வாசனை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆயாம்மா!"

முன்பல் இரண்டும் விழுந்த சிறுமி ஒருத்தி வரிசையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி வந்தாள். "நீங்க ஏன் வர்றதே இல்ல? புது ஆயாம்மாவுக்குப் பின்னல் போடவே தெரியல. இழுக்கறாங்க."

"நீ தலையை ஆட்டிக்கிட்டே இருப்பே. இழுக்காம என்ன பண்ணுவாங்க?"

"பிடிச்சவங்ககிட்டல்லாம் கையெழுத்து வாங்கணும்னு மிஸ் சொன்னாங்க." சிறுமி தரையில் குந்தி, முழங்காலில் மலரை வைத்து விரித்தாள்.

அறுபத்திரண்டாம் பக்கம். மேலே 'என்றும் மறவாதிருக்க' என்று சாய்ந்த எழுத்து. அதற்குக் கீழே கையெழுத்து வாங்க இருபத்திரண்டு வெற்றுக் கோடுகள். அரைப் புள்ளி கனம், சாம்பல் நிறம், சம இடைவெளி. ஒவ்வொரு கோடும் அவன் இழுத்தது. நாலைந்து கோடுகளில் ஏற்கெனவே பிள்ளைகளின் பெயர்கள் ஏறியிருந்தன.

"இங்க போடுங்க ஆயாம்மா. உங்க நிஜப் பேர் போடணும்."

அத்தை துணி சுற்றிய வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இடது கையால் பேனாவை வாங்கினாள். மூடியைப் பல்லால் கடித்து எடுத்து, சிறுமியின் உள்ளங்கையில் போட்டாள். குனிந்தாள். பேனா கோட்டின் மேல் நின்று நடுங்கியது. முதல் எழுத்தின் வளைவு கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி தொட்ட இடத்திலிருந்தே இழுத்தாள்.

வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். ஒரு தடவை அண்ணாந்து கேமராவைப் பார்த்தார். பிறகு குனிந்து, சிறுமியின் முழங்காலிலிருந்து மலரை எடுத்து மூடினார்.

"வெளியாளுங்ககிட்ட எல்லாம் கையெழுத்து வாங்கக் கூடாது பாப்பா. வேன் கிளம்புது, ஓடு."

சிறுமி அவரைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். வேன் ஹாரன் அடித்தது. மலரை வாங்கிக்கொண்டு, பேனா மூடியை உள்ளங்கையில் இறுக்கியபடி ஓடினாள்.

அத்தை குனிந்தபடியே நின்றாள். திறந்த பேனா அவள் இடது கையில் இருந்தது. அதன் முனை, புத்தகம் இருந்த உயரத்திலேயே, காற்றில் நின்றுகொண்டிருந்தது.